ஆடி பத்து எந்த நாள்?

ஒரு தேசிய அடையாள அட்டையின் இலக்கம் 83706 என்று தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டைக்குச் சொந்தக்காரரைக் காணாமலே அவரைப் பற்றி மூன்று விடயங்களைச் சொல்லிவிடலாம். அவர் ஒரு பெண். பிறந்த வருடம் 1983. பிறந்த நாள் ஜூலை 24, ஞாயிற்றுக்கிழமை. அன்று மாலை பொரளை கனத்தை மயானத்தில் கூடிய கூட்டம் மறுநாள் கொழும்பை என்ன செய்தது என்பதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கணக்கு எளியது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணானால் அதோடு 500 கூட்டப்படும். 706இல் 500ஐக் கழித்தால் 206. ஆனால் நாட்காட்டியை எடுத்து விரல்விட்டு எண்ணுகிறவருக்கு ஓர் இடறல் காத்திருக்கிறது. 1983இல் ஜூலை 24 என்பது 205ஆவது நாள்தான். ஆட்பதிவுத் திணைக்களத்தின் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா வருடமும் 29 நாட்கள். மார்ச் முதலாம் திகதி எந்த வருடத்திலும் 61. லீப் வருடமா என்று யாரும் யோசிக்கத் தேவையில்லை, எழுதுவினைஞர் மேசையில் ஒரே அட்டவணை போதும். சாதாரண வருடங்களில் 60 என்ற எண்ணுக்கு ஆள் பிறப்பதில்லை என்பது மட்டுமே அதற்குக் கொடுக்கும் விலை.

திகதி எழுதும் முறைகளில் இது மிகச் சிக்கனமானது. ஐந்து இலக்கங்களுக்குள் வருடம், நாள், பாலினம் மூன்றும் அடங்கிவிட்டன. ஆனால் மனிதக் கண்ணுக்கு அது திகதியாகத் தெரிவதில்லை. தெரியாததே ஒரு தொல்லை. காலி வீதி அடுக்குமாடி ஒன்றுக்குப் போகிறோம், வாசல் காவலாளியின் கொப்பியில் அடையாள அட்டை இலக்கத்தை எழுதுகிறோம். வயதை யாரிடமும் சொல்லாத மாமிமாரும் தங்கள் பிறந்தநாளை அங்கே வரிசையாக எழுதிவைத்துவிட்டுத்தான் மின்தூக்கியில் ஏறுகிறார்கள்.

வருடத்துக்கு இரண்டு இலக்கம் போதும் என்ற சிக்கனம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் பதினாறு வயதை எட்டிய 2016இல், ஜனவரி முதலாம் திகதியிலிருந்து அட்டை இலக்கம் பன்னிரண்டு இலக்கங்களானது. இறுதியில் இருந்த ஆங்கில எழுத்து போய்விட்டது, வருடம் நான்கு இலக்கமாக முழுதாக வந்தது. அப்படி மாறாதிருந்தால் 00 என்று தொடங்கும் அட்டைக்காரர் பாடசாலைப் பிள்ளையா, நூற்றுப்பதினாறு வயதுக் கிழவரா என்று அட்டை சொல்லியிருக்காது.

பேச்சில் மட்டும் இரண்டு இலக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஐம்பத்தெட்டு, எழுபத்தேழு, எண்பத்துமூன்று என்று வெள்ளவத்தைப் பெரியவர் ஒருவர் சொன்னால் நூற்றாண்டு வேண்டாம், மாதம் வேண்டாம், நாள் வேண்டாம், ‘கலவரம்’ என்ற சொல்லும் வேண்டாம். கேட்பவர் அதே ஊரில், அதே தலைமுறைகளோடு வாழ்ந்தவராக இருக்கும்வரைதான் இந்தச் சுருக்கம் செல்லும். கனடாவில் பிறந்த பேரப்பிள்ளைக்கு ‘ஐம்பத்தெட்டு’ வெறும் எண்.

எங்களுடைய அறுபது வருட வட்டத்திலும் இதே குறை இருக்கிறது. 1983 சித்திரையில் பிறந்த வருடத்தின் பெயர் ருத்ரோத்காரி. 1923இல் பிறந்ததும் ருத்ரோத்காரி. 2043இல் இன்னொன்று வரும். ஏட்டுச்சுவடியின் கடைசியில் வருடப் பெயரை மட்டும் எழுதி முடித்தவர், தன் காலத்து வாசகருக்கு அது போதும் என்று நினைத்தார். அவருக்கு அது போதும்தான். பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்தான் அறுபது வருடம் முன்னே, அறுபது வருடம் பின்னே என்று அலைய வேண்டியதாயிற்று.

வருடத்தை எப்படி எழுதுவது என்பது பாதிச் சிக்கல். மீதி, வரிசை. அரச திணைக்களத்திலிருந்து சிங்களத்திலோ தமிழிலோ வரும் கடிதத்தில் பெரும்பாலும் 2019.03.04 என்றிருக்கும்: வருடம், மாதம், நாள். அதே திணைக்களத்தின் ஆங்கிலக் கடிதம் நாளை முன்னே வைக்கும். கடவுச்சீட்டில் நாள், மாதம், வருடம். இந்த அளவுக்கு நாங்கள் பழகிவிட்டோம், வருடம் நான்கு இலக்கமாக இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வாசிப்பது என்று கண்ணே சொல்லிவிடும். கோளாறு கடல் தாண்டும்போது தொடங்குகிறது. இலண்டன் 04/03 என்பதை மார்ச் நான்கு என்று வாசிக்கிறது. நியூயோர்க் அதையே ஏப்ரல் மூன்று என்கிறது. ஜெர்மனியிலும் நோர்வேயிலும் புள்ளி வைத்து நாளை முன்னே எழுதுகிறார்கள். எங்கள் சனம் அதிகம் இருக்கும் கனடாதான் வில்லங்கம். பிரித்தானிய வழக்கும் அமெரிக்க வழக்கும் அங்கே ஒன்றாகப் புழங்குகின்றன, அரசாங்கமோ எண்ணில் எழுதுவதானால் வருடத்தை முன்னே வை என்கிறது.

வருடம் முழுவதும் குழப்பம் இல்லை. நாள் 13 அல்லது அதற்கு மேல் என்றால் அது மாதமாக இருக்க முடியாது. நாளும் மாதமும் ஒரே எண்ணானால் எப்படி வாசித்தாலும் ஒன்றுதான். மிஞ்சுவது மாதத்துக்குப் பதினொரு நாள், வருடத்தில் 132 நாள். ஆண்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நாட்களில் பிறந்தவர்கள், வெளிநாட்டுப் படிவத்தில் வேறொரு நாளில் பிறந்தவர்களாக மாறிவிடக்கூடியவர்கள். பிறப்புச் சான்றிதழ் ஒன்று சொல்ல, விண்ணப்பப் படிவம் இன்னொன்று சொன்னால் பதில் சொல்லவேண்டியவர் விண்ணப்பதாரிதான். வெள்ளவத்தையில் பெயர்ப்பலகை தொங்கவிட்டிருக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்களில் விவரமானவர்கள் மாதத்தை எண்ணில் எழுதவே மாட்டார்கள்.

மாதத்தை எழுத்தில் எழுதினால் முடிந்தது என்றுதான் தோன்றும். எங்களுக்கு அங்கேயும் முடியவில்லை. ஈழத்தமிழர், அதிலும் வடக்கைச் சேர்ந்த மூத்த தலைமுறை, ஆங்கில மாதங்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி வைத்திருக்கிறது. ஜனவரி தை, பெப்ரவரி மாசி, ஜூலை ஆடி, டிசம்பர் மார்கழி. நத்தார் மார்கழி 25. கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழா ஜூன் 13, ஆகவே ஆனி 13. பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஜூன் 13 அன்று ஆனி பிறந்தே இருக்காது, வைகாசியின் கடைசி நாட்கள் ஓடிக்கொண்டிருக்கும். தைப்பொங்கல் என்னும்போது தை முதலாம் நாள் ஜனவரி நடுவில் வருகிறது. ‘சம்பளம் தை ஐந்தில் வரும்’ என்னும்போது அது ஜனவரி ஐந்து. இரண்டையும் ஒரே வாய் ஒரே மூச்சில் சொல்லும், வீட்டில் ஒருவருக்கும் குழப்பம் வராது.

சென்னையில் இருக்கும் சம்பந்திக்குத்தான் வரும். ‘ஆடி பத்தாம் திகதி வருகிறோம்’ என்று வெள்ளவத்தை அன்ரி தொலைபேசியில் சொன்னால், இங்கே அது ஜூலை 10. அங்கே அது ஜூலை 26. ஆடியில் ஏன் வருகிறார்கள் என்று அவர்கள் யோசிப்பது வேறு கதை. 1983ஐ ஆடிக் கலவரம் என்று சொல்கிறோமே, அது மட்டும் தற்செயலாக இரண்டு கணக்கிலும் சரி. ஜூலையின் அந்தக் கடைசி வாரம் பஞ்சாங்கத்திலும் ஆடிதான்.

தமிழ் மாதப் பெயர்களை ஆங்கில மாதங்களுக்குக் கொடுத்தது மொழிப்பற்றில் செய்த காரியமாக இருக்கலாம். திகதி என்ற அளவில் பார்த்தால் அது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. ஒரு பெயர், இரண்டு மாதம், நடுவில் பதினாறு நாள் இடைவெளி. ஜூலை என்று எழுதினால் தமிழ் ஒன்றும் குறைந்துவிடாது, ஆடி என்ற பெயரும் அதற்குரிய மாதத்துக்கே மிஞ்சும்.

இத்தனைக்கும் தமிழில் திகதி எழுதும் பழைய முறை மிகத் தெளிவானது. ஆறுமுக நாவலர் பிறந்தது சித்திரபானு வருடம் மார்கழி மாதம் 5ஆம் திகதி புதன்கிழமை. பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்கும் வரிசை. கையெழுத்தில் இதை இன்னும் சுருக்கினார்கள். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்று தனிக்குறிகள் இருந்தன. சித்திரபானு ௵ மார்கழி ௴ 5 ௳ என்று எழுதினால் எந்த எண் எதைக் குறிக்கிறது என்ற கேள்வியே எழாது. சீனரும் ஜப்பானியரும் இன்றைக்கும் இப்படித்தான், ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வருடம், மாதம், நாள் என்ற குறியை இட்டு, பெரியதை முன்னே வைத்து எழுதுகிறார்கள். சாய்கோட்டுச் சண்டை முழுவதும் எண்களைக் குறியில்லாமல் தனியே விட்டதால் வந்தது.

1988இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரம் வருடம், மாதம், நாள் என்ற வரிசையை வகுத்தபோது அதைக் கணினிக்காரரின் ஏற்பாடு என்று பலர் நினைத்தார்கள். கணினிக்கு அது வசதிதான். கோப்புகளுக்கு 2024-11-03 என்ற மாதிரிப் பெயர் வைத்தால், சாதாரண எண் வரிசையே கால வரிசையாகவும் அமைந்துவிடும். நாளை முன்னே வைத்தால் எல்லா மாதங்களின் முதலாம் திகதிகளும் ஒன்றாகப் போய் முன்னால் குந்திக்கொள்ளும். ஆனால் அந்த வரிசை எங்களுக்குப் புதிதில்லை. நாளை முன்னே வைப்பதை ஆங்கிலக் கடிதத்திலிருந்து படித்தோம், அதைத் தமிழ்க் கடிதத்துக்கும் கொண்டுவந்தோம்.

நாவலரின் திகதி இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த மார்கழி 5, ஆங்கிலக் கணக்கில் 1822 டிசம்பர் 18. இப்போதைய மார்கழி 5 டிசம்பர் 20ஐ ஒட்டி வருகிறது. எங்கள் சூரிய வருடம் ஆங்கில வருடத்தைவிடச் சற்று நீளம், அறுபது எழுபது வருடத்துக்கு ஒரு நாள் வீதம் அது பின்தள்ளிப் போகிறது. இந்த வழக்கெல்லாம் நாவலர் குருபூசைக்கு இல்லை. அது கார்த்திகை மாதத்து மக நட்சத்திரம், ஆங்கிலத் திகதி எதுவாகவும் இருந்துவிட்டுப் போகட்டும்.

செத்தவீட்டுக் கணக்கும் இதே வகை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் ‘கல்வெட்டு’ என்னும் நினைவுமலரில் திதி வெண்பா ஒன்று இருக்கும். வருடம், மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி என்று நான்கு அடிக்குள் புலவர் அடக்கிவிடுவார். பத்திரிகை நினைவஞ்சலியோ ஆங்கிலத் திகதியில் வரும். ஆகவே ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டு நினைவுநாள், பத்திரிகையில் ஒன்று, வீட்டுப் படையலுக்கு ஒன்று. இதில் பிழை எதுவும் இல்லை. சுவாமி விவேகானந்தருக்கும் அப்படித்தான். இந்தியாவில் ஜனவரி 12 தேசிய இளைஞர் தினம். இராமகிருஷ்ண மடங்களில் அவருடைய ஜயந்தி திதிப்படி வரும், வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் பக்கம் போகிறவர்கள் அதை அறிவார்கள்.

நாள் எப்போது தொடங்குகிறது என்பதிலும் இரண்டு கணக்கு. கடிகாரத்துக்கு நள்ளிரவு, பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயம். அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் செவ்வாய், ஜாதகத்தில் திங்கள். இது போதாதென்று 1996 மே மாதத்தில் அரசாங்கம் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது, ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தது, மிச்ச அரை மணியை 2006 ஏப்ரலில்தான் திருப்பித் தந்தது. வன்னியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. ஆகவே கொழும்பில் நள்ளிரவு கடந்து கால் மணிக்குப் பிறந்த பிள்ளையும், அதே கணத்தில் கிளிநொச்சியில் பிறந்த பிள்ளையும் வெவ்வேறு திகதிக்காரர்.

கிழமையை நாங்கள் அலங்காரமாகவே நினைக்கிறோம். அடையாள அட்டை இலக்கத்தில் பிழையைப் பிடிப்பதற்கென்று ஒரு சரிபார்க்கும் இலக்கம் இருக்கிறது. திகதிக்கு அந்த வேலையைச் செய்வது கிழமைதான். எல்.டி. சுவாமிக்கண்ணுப்பிள்ளை 700 முதல் 1799 வரையான ஆண்டுகளுக்கு இந்திய நாட்கணிப்பு அட்டவணைகளை 1922இல் வெளியிட்டார். கல்வெட்டுகளின் காலத்தைச் சரிபார்க்க அறிஞர்கள் அவற்றைக் கொண்டுதான் திதி, நட்சத்திரம், கிழமை மூன்றும் ஒரே நாளில் பொருந்துகின்றனவா என்று பார்க்கிறார்கள். பொருந்தாவிட்டால் ஆண்டில் பிழை, அல்லது கல்லில் பிழை. எழுதிய கிழமைக்கே இந்தப் பலம். ‘பள்ளிக்கூடம் இல்லாத நாள், ஆகவே ஞாயிறு’ என்ற ஞாபகத்துக்கு இல்லை. 1966இலிருந்து 1971வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, போயா நாள். அது எந்தக் கிழமையிலும் விழும்.

இந்த ஒழுங்கு குலையாமல் இருக்கும் ஒரே இடம் எங்கள் கலியாணக் காட். விசுவாவசு வருடம் ஆவணித் திங்கள் 12ஆம் நாள், 28.08.2025, வியாழக்கிழமை என்று அடிப்பார்கள். இரண்டு நாட்காட்டி, அதற்கு மேல் கிழமை. ஒன்றில் அச்சுப் பிழை வந்தாலும் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும். இப்படியான இன்னொரு காட்டை ஆங்கிலத்தில் சுருக்கி ரொறன்ரோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது முதலில் வெட்டுவது தமிழ் வருடத்தை, அடுத்துக் கிழமையை. மிஞ்சுவது 08.09.2025. அதை ஓகஸ்ட் ஒன்பது என்று வாசித்து ஒருவர் விமானச் சீட்டு எடுத்துவிடலாம். ‘திங்கட்கிழமை’ என்ற சொல் பக்கத்தில் இருந்திருந்தால், ஓகஸ்ட் ஒன்பது சனிக்கிழமையாச்சே என்று அவரே தொலைபேசி எடுத்துக் கேட்டிருப்பார்.