ஈரம்: ஒரு சொல்லும் சில சதவீதங்களும்

'ஈரம்' என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால், நனைவுக்குப் பக்கத்திலேயே அன்பும் அருளும் கிடக்கின்றன. திருக்குறளில் 'இனியவை கூறல்' அதிகாரம் தொடங்குமிடத்தில் ஈரம் என்றால் அன்புதான். "அந்தாளு நெஞ்சுல ஈரமே கெடையாது" என்று எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் வைகிறார்கள். அன்பின் கதையோடு நின்றுவிட முடிந்தால் சௌகரியம்தான், நம் அழகியல்காரர்கள் நின்றும்விடுகிறார்கள். வண்ணாருக்கு 'ஈரங்கொல்லி' என்று ஒரு பழம்பெயர் உண்டு. ஈரத்தை அருளென்று கொண்டாடிய மொழிதான், அன்றாடம் அதில் கைநனைத்தவரைச் சாதியின் கீழ்ப்படியில் நிறுத்திய சமூகத்தின் மொழியும்.

சுவரில் ஏறினால் அது ஓதம். விரைவீக்கத்துக்கும் அதே பெயர்.

கொள்முதல் நிலையத்தில் இது 'ஈரப்பதம்' ஆகிறது. பதம் என்பது கையும் நாக்கும் அறிந்த விஷயம்: சோற்றுப் பதம், பாகுப் பதம். நெல்லையும் பல்லில் வைத்துக் கடித்து, 'டக்'கென்று உடைகிறதா என்றுதான் பார்ப்பார்கள். இப்போது மீட்டர் சொல்கிறது. வரம்பு 17 சதவீதம். ஈரநெல் குவியலில் சூடேறிக் கெடும், முளைவிடும். ஆகவே வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையில் போய் முட்டுகிறது. காயவைக்கும் செலவும் காவலும் யார் தலையில்? 2022 அக்டோபரில் மத்திய அரசு வரம்பை 19 ஆகத் தளர்த்தியது. அதற்கும் முதலில் மழை பெய்து, நெல் நனைந்து, மனு போக வேண்டியிருந்தது.

சித்தப்பா ஒருமுறை மூன்று நாள் ரோட்டில் நெல்லைக் கிளறிவிட்டுக்கொண்டு கிடந்தார். "ஈரம் இருக்குங்க" என்றார்களாம். "எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, மறுபடி தார்ப்பாயை விரிக்கப் போனார்.