மூன்றெழுத்தின் முகவரிகள்



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி வாடிய முகத்தோடு வந்தாள். கல்லூரியில் படிக்கும் அவளுடைய அண்ணன், வீட்டில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு போடு போட்டாராம். “ஆங்கிலத்தில் ‘வுமன்’ என்று எழுதிப் பார், அதன் வாலில் ‘மேன்’ இருக்கிறான். ‘ஹியூமன்’ என்று எழுதிப் பார். அதிலும் ‘மேன்’ இருக்கிறான். ஆணை எடுத்துவிட்டால் பெண்ணும் இல்லை, மனித குலமும் இல்லை!” பெரியவர்கள் சிரித்தார்களாம். இவளுக்குப் பதில் வரவில்லை.

கேட்ட எங்களுக்கும் பதில் வரவில்லை. எங்களுள் ஒருத்தி, “‘வூம்ப்’ என்றால் கருப்பை. கருப்பை உடைய மேன் என்பதால்தான் வுமன்” என்று அடித்துச் சொன்னாள். உடனே கைதட்டினோம். ஆனால் எங்கள் ஆங்கில ஆசிரியையான சிஸ்டர் கைதட்டவில்லை. நூலகத்தின் மேல்தட்டிலிருந்து சொற்பிறப்பு அகராதியை எடுத்து எங்கள் முன் வைத்தார். “ஊகம் பதில் ஆகாது, பாருங்கள்” என்றார். அங்கே நாங்கள் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

எம், ஏ, என் என்னும் மூன்று எழுத்துகளும் சேர்ந்து வரும் ஆங்கிலச் சொற்கள் ஏராளம். அவை எல்லாம் ஒரே குடும்பம் என்று எண்ணியிருந்தோம். அது எவ்வளவு பெரிய பிழை! நம் தமிழில் ‘கடலை’ என்ற சொல்லுக்குள் ‘கடல்’ இருக்கிறது. அதற்காகக் கடலை கடலிலா விளைகிறது? ‘பல்லி’யின் பெயர் பல்லிலிருந்தா வந்தது? ஆங்கிலத்திலும் அப்படித்தான்.

முதலில் ‘வுமன்’ என்ற சொல்லைப் பார்ப்போம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் ‘மன்’ என்றால் மனிதப் பிறவி என்றே முதன்மையான பொருள். ஆணும் மன், பெண்ணும் மன். ஆணை மட்டும் குறிக்க ‘வெர்’ என்ற சொல்லும், பெண்ணைக் குறிக்க ‘வீஃப்’ என்ற சொல்லும் இருந்தன. வீஃப் என்பதும் மன் என்பதும் சேர்ந்து ‘வீஃப்மன்’ ஆயிற்று. பெண்ணாகிய மனிதர் என்று பொருள். அதுவே தேய்ந்து ‘வுமன்’ ஆயிற்று. ஒருமையில் ‘வு’ என்று ஒலிக்கும் சொல் பன்மையில் மட்டும் ‘விமின்’ என்று ஒலிப்பது ஏன் என்று நாம் திகைத்ததுண்டல்லவா? அந்தப் பழைய ‘வீ’யின் எதிரொலிதான் அது. ஆக, எங்கள் கருப்பை விளக்கமும் தவறு, அண்ணனின் விளக்கமும் தவறு!

அந்த ‘வீஃப்’ இன்று ‘ஒய்ஃப்’ என்று மாறி மனைவியை மட்டும் குறிக்கிறது. ஆயினும் மருத்துவச்சியைக் குறிக்கும் ‘மிட்ஒய்ஃப்’ என்ற சொல்லில் அதன் பழம்பொருள் நிலைத்திருக்கிறது. பிள்ளை பெறும் பெண்ணோடு உடன் இருப்பவள் என்பதே அதன் கருத்து. ‘வெர்’ என்ற சொல்லோ வழக்கொழிந்து, ஓநாயாக மாறும் மனிதனைக் குறிக்கும் ‘வேர்வுல்ஃப்’ என்ற கதைச் சொல்லில் ஒளிந்துகொண்டிருக்கிறது. ‘வெர்’ மறைந்தபின், எல்லோருக்கும் பொதுச் சத்திரமாக இருந்த ‘மேன்’ என்ற சொல்லை ஆண்கள் தம் சொந்த வீடாக ஆக்கிக்கொண்டார்கள்! வடமொழியின் ‘மனு’, ‘மனுஷ்ய’ என்பனவும் இந்த ‘மன்’ என்ற சொல்லுக்கு உறவு என்று மொழியறிஞர் பலர் கூறுவர். நம் பாட்டிமார் ‘மனுஷ மக்கள்’ என்று சொல்லும்போது பெண்களை விட்டுவிட்டா சொல்கிறார்கள்?

அடுத்து ‘ஹியூமன்’. இதற்கும் ‘மேன்’ என்ற சொல்லுக்கும் உறவே இல்லை. இது ‘ஹூமானுஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழி வந்தது. மனிதரைக் குறிக்கும் ‘ஹோமோ’ என்ற சொல் அதன் உறவு. மண்ணைக் குறிக்கும் ‘ஹூமுஸ்’ என்ற சொல்லோடும் இவற்றை அறிஞர் இணைப்பர். மண்ணிலிருந்து வந்தவர் மனிதர் என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. மண்ணில் ஆண் மண், பெண் மண் என்று உண்டோ?

மூன்றெழுத்தின் மிகப் பெரிய குடும்பங்களுள் ஒன்று ‘கை’க் குடும்பம். இலத்தீனில் ‘மானுஸ்’ என்றால் கை. கையால் எழுதியது ‘மேனுஸ்கிரிப்ட்’. கையில் வைத்துப் பார்க்கும் வழிகாட்டி நூல் ‘மேனுவல்’. கைக்குச் செய்யும் ஒப்பனை ‘மேனிக்யூர்’. ‘மேனுஃபேக்சர்’ என்றால் கையால் செய்தல். இன்று இயந்திரம் செய்தாலும் பெயர் மாறவில்லை. எருவைக் குறிக்கும் ‘மென்யூர்’ என்ற சொல்லும் முதலில் கையால் உழைத்து நிலத்தைப் பண்படுத்துவதையே குறித்ததாம். எருவின் பெயருக்குள் உழவரின் கை இருப்பதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பு தாளவில்லை.

இக்குடும்பத்தில் நேர் எதிரான இரண்டு உடன்பிறப்புகள் உண்டு. ஒன்று கைவிலங்கைக் குறிக்கும் ‘மேனக்கிள்’. மற்றொன்று விடுதலையைக் குறிக்கும் ‘இமேன்சிபேஷன்’. பண்டைய ரோமில் கையால் பற்றுவது உரிமை கொள்வதன் அடையாளம். பிள்ளைகள் தந்தையின் அதிகாரத்தின் கீழ் இருந்தனர். சிலவகைத் திருமணங்களில் மனைவி கணவனின் ‘மானுஸ்’ என்னும் கைக்குள் வந்துவிடுவதாகச் சட்டமே கூறியது. அத்தகைய பிடியிலிருந்து பிள்ளையை வெளியே விடுவதுதான் ‘இமேன்சிபேஷன்’ என்ற சொல்லின் முதற்பொருள். 1829இல் பிரிட்டனில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர உரிமை தந்த சட்டத்தையும், 1863இல் ஆபிரகாம் லிங்கன் அடிமைகளின் விடுதலைக்காக வெளியிட்ட அறிக்கையையும் இதே சொல்லால் வரலாறு குறிக்கிறது. விலங்கு பூட்டுவதும் கை, பிடியைத் தளர்த்துவதும் கை! பெண் விடுதலையைப் பேசுவோரும் இச்சொல்லையே ஆள்கிறார்கள்.

இன்னும் ஒரு வீடு. சென்னைத் திருவல்லிக்கேணியில் வேலை தேடி வரும் ஆண்கள் தங்கும் விடுதிகளை ‘மேன்ஷன்’ என்கிறார்கள். ‘மேன்’ தங்குவதால் மேன்ஷன் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்! உண்மையில் ‘மனேரே’ என்ற இலத்தீன் சொல்லுக்குத் தங்குதல் என்று பொருள். தங்குமிடம் மேன்ஷன், நிலைத்துத் தங்குவது ‘பெர்மனென்ட்’. பித்தைக் குறிக்கும் ‘மேனியா’ என்ற சொல்லோ கிரேக்க நாட்டுப் பிறப்பு.

சில சொற்கள் நம் பக்கத்திலிருந்தே கப்பலேறியவை. மாங்காயை மலையாளத்தில் ‘மாங்ங’ என்பர். நம் ‘மாங்காய்’ அதற்கு உடன்பிறப்பு. 1498இல் கோழிக்கோட்டுக் கரைக்கு வந்த போர்த்துகீசியர் வழியாக அது ‘மங்கா’ ஆகி, பின்னர் ஆங்கிலத்தில் ‘மேங்கோ’ ஆயிற்று. சீன அதிகாரியைக் குறிக்கும் ‘மேன்டரின்’ என்பது சீனச் சொல்லே அன்று. வடமொழி ‘மந்திரி’ மலாய் மொழிக்குப் போய், அங்கிருந்து போர்த்துகீசியர் நாவில் ஏறி உருமாறிய வடிவம் அது.

கிறிஸ்மஸ் காலத்தில் நாம் பாடும் ‘இம்மானுவேல்’ என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளிலும் இம்மூன்றும் உள்ளன. அது எபிரேயச் சொல். ‘கடவுள் நம்மோடு’ என்று பொருள். அதில் ‘இம்மானு’ என்ற பகுதிக்கு ‘நம்மோடு’ என்று அர்த்தம். ஆணுக்கு என்றோ பெண்ணுக்கு என்றோ பிரிக்காமல், நம் எல்லோரோடும்!

தோழி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். அடுத்த ஞாயிறு அவள் அண்ணன் மாம்பழம் தின்றுகொண்டிருந்தாராம். “அண்ணா, மேங்கோவிலும் ‘மேன்’ இருக்கிறானே, தோலை உரித்தால் வெளியே வருவானா?” என்று கேட்டாளாம். பிறகு வீஃப்மன் கதையையும் மண்ணின் கதையையும் சொன்னாளாம். அவர் சிரிக்கவில்லை. “எழுதி வைத்திருக்கிறாயா? கொடு, நானும் பார்க்கிறேன்” என்று கை நீட்டினாராம்.

தோழியரே! ஒரு சொல்லைக் காட்டி யாரேனும் உங்களைச் சிறுமைப்படுத்தினால் கண் கலங்காதீர்கள்; அவசரப்பட்டு நம்மைப் போல ஊகமும் சொல்லாதீர்கள். ‘எப்பொருள் எத்தன்மைத் தாயினும்’ மெய்ப்பொருள் காணச் சொன்ன வள்ளுவர் நமக்கும் சேர்த்தே சொன்னார். நூலகத்தின் மேல்தட்டு எட்டாத உயரம் அன்று. ஒரு நாற்காலி போதும்!

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு