முரளியின் முழங்கையை அளந்தவர்கள்

1995 டிசம்பர் 26. மெல்போர்ன் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் டெஸ்ட் போட்டி. கண்டியிலிருந்து வந்த 23 வயது முத்தையா முரளிதரன் ஓடிவந்து பந்தை விடுகிறார். பந்துவீச்சு முனையில் நிற்கும் நடுவர் டாரல் ஹேர் கையை நீட்டி 'நோபால்' என்கிறார். கால் கோட்டைத் தாண்டவில்லை. மடங்கியிருந்த கை பந்தை விடும்போது நிமிர்கிறது, இது பந்துவீச்சே அல்ல, எறிதல் என்பது அவருடைய முடிவு. மூன்று ஓவர்களுக்குள் ஏழு முறை இப்படி நடந்தது.

அதே முரளி 2010இல் காலியில் ஓய்வு பெற்றபோது அவர் கணக்கில் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் இருந்தன. இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவே மைதானத்தில் நடந்தவை எல்லாருக்கும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் நடந்தவை அவ்வளவாகப் பேசப்படவில்லை. அவருடைய முழங்கையை அளந்து, கண் சொன்னது சரியா என்று பார்த்த துறைக்குப் பெயர் உயிர் இயக்கவியல். பயோமெக்கானிக்ஸ் என்றால் விளையாட்டுக்காரர்களுக்கும் எலும்பு மருத்துவர்களுக்கும் சட்டென்று புரியும். எலும்பு, தசை, மூட்டு எல்லாம் நியூட்டனின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவைதான் என்ற இடத்திலிருந்து இந்தத் துறை தொடங்குகிறது. நடப்பது, ஓடுவது, பந்து வீசுவது, படியேறுவது என்று உடல் செய்யும் ஒவ்வொன்றையும் அது கோணங்களாகவும் விசைகளாகவும் மாற்றிப் படிக்கிறது.

முரளியை 1996இல் பெர்த்திலுள்ள மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் சோதித்தார்கள். முதலில் தெளிவானது ஓர் உடற்கூற்று உண்மை: பிறவியிலிருந்தே அவருடைய முழங்கை முழுதாக நீளாது. நாம் கையை நீட்டினால் ஒரே கோடாக நிற்கும். அவர் எவ்வளவு நீட்டினாலும் அதில் ஒரு வளைவு மிஞ்சும். வளைந்த கையோடு பந்து வீசுவதை விதி தடுக்கவில்லை. தோள் உயரத்துக்குக் கை வந்ததிலிருந்து பந்து விரலை விட்டுப் போகும்வரை முழங்கை நிமிரக் கூடாது என்பதுதான் அன்றைய விதி. வளைந்திருப்பது ஒன்று, நிமிர்வது வேறு. தொலைக்காட்சியில் பார்த்த பல லட்சம் பேர் இந்த இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அப்படியானால் வளைந்த கை நிமிர்வது போல் ஏன் தெரிந்தது? இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் ஓர் அறையில் ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். விளக்கு முதுகுப் பக்கம் இருக்கட்டும். வலது கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கி, முன்கை மேல்நோக்கி இருக்கும்படி வையுங்கள். சுவரில் விழும் நிழலில் கை வளைந்திருக்கும். இப்போது முழங்கையின் மடிப்பை மாற்றாமல், தோளிலிருந்து மேற்கையை மட்டும் திருகி, முன்கையைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோங்கள். நிழலில் வளைவு மறைந்து கை நேராகிவிடும். முழங்கை ஒரு டிகிரிகூட அசையவில்லை, நிழல் மட்டும் 'நிமிர்ந்துவிட்டது' என்று சொல்கிறது.

ஒரு பக்கத்திலிருந்து எடுக்கும் கேமரா பார்ப்பதும் இந்த நிழலைத்தான். முரளியின் தோள் மிக வேகமாகத் திரும்பும். மணிக்கட்டு மற்றவர்களுக்கு வாய்க்காத அளவு வளையும். நிரந்தரமாக வளைந்த முழங்கையோடு இவையும் சேர, தட்டைப் படத்தில் எறிதல் போன்ற தோற்றம் உண்டாகிவிட்டது. பின்னாளில் முழங்கை அசையாதபடி உலோகம் வைத்த கட்டு ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு அவர் தன் பந்துகளைத் தொலைக்காட்சிக் கேமரா முன் வீசிக் காட்டினார். அந்தக் கட்டோடும் பந்து திரும்பியது.

ஆய்வுக்கூடத்தில் அளக்கும் முறை இன்று நன்றாகத் தேர்ந்துவிட்டது. வீரரின் தோள், மேற்கை, முழங்கையின் இரு பக்க எலும்பு முனைகள், முன்கை, மணிக்கட்டு ஆகிய இடங்களில் ஒளியைத் திருப்பி அனுப்பும் சின்னஞ்சிறு உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றிலும் அகச்சிவப்புக் கேமராக்கள் நொடிக்கு 200, 250 முறை படமெடுக்கும். ஓர் உருண்டையைக் குறைந்தது இரண்டு கேமராக்களாவது பார்த்தால்தான் அது முப்பரிமாண வெளியில் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிட முடியும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உருண்டை ஒட்டியிருப்பது தோலில், அளக்க வேண்டியதோ எலும்பை. வேகமாகக் கை சுற்றும்போது தோல் எலும்பின் மேல் வழுக்கும். அதனால்தான் தனி உருண்டைகளை நம்பாமல், மேற்கைக்கு ஒரு கூட்டம், முன்கைக்கு ஒரு கூட்டம் என்று ஒட்டி, இரண்டு கூட்டங்களுக்கும் இடையிலுள்ள கோணத்திலிருந்து முழங்கையின் அசைவைப் பிரித்தெடுக்கிறார்கள். சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஏற்றுக்கொண்ட சோதனை மையங்களில் ஒன்று. சயீத் அஜ்மல், சுனில் நரைன் போன்றவர்கள் இங்கு வந்து பந்து வீசிக் காட்டியிருக்கிறார்கள்.

முரளிக்கு இரண்டாம் சுற்று 2004இல் வந்தது. 'தூஸ்ரா' என்ற அவருடைய புதிய பந்தைப் பெர்த்தில் சோதித்தபோது முழங்கை சராசரியாக 14 டிகிரி நிமிர்ந்தது. பயிற்சிக்குப் பிறகு அது 10 டிகிரி அளவுக்குக் குறைந்தது. அன்றைய வரம்பு சுழற்பந்து வீச்சாளர்களுக்கு 5 டிகிரிதான். வேகப்பந்து வீச்சாளர்களுக்கு 10. ஆக, அளவுகோல் இம்முறை அவருக்கு எதிராகவே பேசியது. ஆனால் அதே அளவுகோலை மற்றவர்கள் பக்கம் திருப்பியபோது கிடைத்த விடை எல்லாரையும் அசர வைத்தது. குறையே இல்லாத வீச்சு என்று புகழப்பட்ட பந்துவீச்சாளர்கள் உட்பட, கிட்டத்தட்ட எல்லாருடைய முழங்கையும் ஓரளவு நிமிரத்தான் செய்தது. முன்கையின் எடையும் கை சுழலும் வேகமும் சேர்ந்து மூட்டை இழுக்கும்போது அது அசையாமல் இருக்க வழியில்லை. சுமார் 15 டிகிரிக்குக் கீழே நடக்கும் நிமிர்வை வெறும் கண் கண்டுபிடிப்பதும் இல்லை. 2005 மார்ச் 1 முதல் எல்லா வகைப் பந்துவீச்சுக்கும் 15 டிகிரி என்ற ஒரே வரம்பு வந்தது.

முரளிக்காகவே விதியை வளைத்தார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. சோதனைக்கூடத்தில் வீசுவதும் போட்டியில் வீசுவதும் ஒன்றாகுமா என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டாவது கேள்வி நியாயமானது, ஆராய்ச்சியாளர்களும் அதை எழுப்பியிருக்கிறார்கள். முதல் குற்றச்சாட்டு நிற்காது. பழைய 5 டிகிரி, மனித முழங்கையை முறையாக அளப்பதற்கு முன் எழுதிய எண். பலராலும் காப்பாற்ற முடியாத விதியை, கை விசித்திரமாகத் தெரிந்த ஒருவர் மீது மட்டும் ஏவுவதைவிட, அளந்து பார்த்து எல்லாருக்கும் ஒன்றாக வைத்த விதி நேர்மையானது.

அசைவைக் கண் தவறாகப் படிப்பது கிரிக்கெட்டோடு தொடங்கியதல்ல. பாயும் குதிரையின் முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் நீண்டிருப்பதாகவே ஓவியர்கள் காலங்காலமாக வரைந்தார்கள். 1878இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக வைத்துப் படமெடுத்தார். நான்கு குளம்புகளும் அந்தரத்தில் இருக்கும் கணம் உண்மையிலேயே உண்டு, ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கடியில் மடங்கியிருந்தன. சில ஆண்டுகளில் பிரான்சின் எத்தியென் ஜூல் மாரே, கறுப்பு உடையில் வெள்ளைக் கோடுகள் வரைந்த ஆட்களை ஓடவிட்டு, கோடுகளின் அசைவை மட்டும் படமாக்கினார்.

இன்றைய உருண்டைகளின் நேர் முன்னோடி 1891இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நடந்த சோதனை. உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் பிரௌனும் கணித அறிஞர் ஓட்டோ ஃபிஷரும் ஒரு ராணுவ வீரரின் கை கால்களில் மின்சாரத்தில் ஒளிரும் மெல்லிய கண்ணாடிக் குழாய்களைக் கட்டி, இருட்டிய பிறகு நடக்கவிட்டார்கள். பல பக்கங்களிலிருந்தும் கேமராக்கள் அந்த ஒளிக் கீற்றுகளைப் பதிவுசெய்தன. அவற்றிலிருந்து ஒவ்வொரு மூட்டின் இடத்தையும் மூன்று திசைகளிலும் கையாலேயே கணக்கிட வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே பிரௌன் இறந்துபோனார். சில அடிகள் நடந்த அந்த நடையின் முழுக் கணக்கையும் ஃபிஷர் 1904 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். இன்று ஒரு மடிக்கணினி அதைச் சில நொடிகளில் முடித்துவிடுகிறது.

கோணம் பாதிக் கதைதான். மீதி, விசை. நடை ஆய்வுக்கூடங்களில் தரையோடு தரையாகப் பதித்த விசைத்தகடு ஒன்று இருக்கும். அதன் மேல் நடந்தால், கால் தரையை அழுத்தும் விசை கோடாகப் பதிவாகும். இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் உள்ள கோடு அது. முதல் மேடு குதிகால் ஊன்றி எடை ஏறும்போது. இரண்டாவது, முன்பாதம் உந்தும்போது. இரண்டும் உடல் எடையைவிடச் சற்று அதிகம். வலியோடு நடப்பவரின் கோட்டில் அந்தக் காலின் மேடுகள் தாழ்ந்திருக்கும், பதிவும் சீக்கிரம் முடிந்துவிடும்.

தரையில் இவ்வளவுதான் என்றால் உடலுக்குள்? இங்கேதான் கண் அடியோடு தோற்கிறது. தசைகள் மூட்டுக்கு மிக அருகில் ஒட்டியிருப்பதால் சிறு சுமைக்கும் அவை பெரு விசையோடு இழுக்க வேண்டும் என்று இத்தாலியரான ஜொவான்னி ஆல்ஃபோன்ஸோ பொரெல்லி 17ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். அவர் கணக்கை இடுப்பில் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் நாம் அப்படித்தான் நிற்கிறோம். ஊன்றிய கால் ஏறத்தாழ 10 கிலோ. மீதி 50 கிலோவை இடுப்பு மூட்டு தாங்க வேண்டும். அந்த எடை மூட்டுக்கு நேர் மேலே இல்லை, சுமார் 10 செ.மீ. உள்பக்கம் தள்ளி இறங்குகிறது. மறுபக்கம் சாய்ந்துவிடாமல் பிடிக்கும் தசைகள் மூட்டிலிருந்து 5 செ.மீ. தொலைவில்தான் இருக்கின்றன. ஏறுபலகையில் ஒரு பக்கம் நீளமும் மறுபக்கம் பாதி நீளமும் இருந்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும்: தசை 100 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின் மேல் 150 கிலோ. உடல் எடையைப்போல் இரண்டரை மடங்கு.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. பெர்லினில் நோயாளிகளுக்குப் பொருத்திய செயற்கை இடுப்பு மூட்டுகளுக்குள்ளேயே அளவுகருவிகளை வைத்து, வானொலி அலை மூலம் தகவல் பெற்றார்கள். சாதாரண நடையில் கிடைத்த எண் ஏறத்தாழ அதே இரண்டரை மடங்கு. ஒருவர் தடுக்கியபோது, அது எட்டு மடங்கைத் தாண்டியது. விழவே இல்லை, விழாமல் சமாளிக்கத் தசைகள் இறுகியதில் வந்த சுமை அது.

இப்படிப்பட்ட அளவுகள் நேராக மனிதர்களிடம் வந்து சேர்கின்றன. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்காகச் சென்னை ஐஐடி கூட்டாளி நிறுவனங்களோடு உருவாக்கி 2022இல் வெளியிட்ட 'கதம்' செயற்கை முழங்கால் நல்ல எடுத்துக்காட்டு. அது ஒற்றைக் கீலில் மடங்குவதில்லை. பல அச்சுகளில் இயங்கும் இணைப்பு என்பதால், ஊன்றும்போது மடங்கிவிடாமல் நிற்கும், காலை வீசும்போது கால் சற்றுக் குறுகி, விரல் தரையில் தட்டாமல் தப்பும். தடுக்கி விழும் பயம் குறைந்தால்தான் ஒருவர் பேருந்து ஏறி வேலைக்குப் போவார்.

இடுப்புக் கணக்கிலிருந்து வீட்டுக்கு நேராகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. வலது இடுப்பு வலித்தால் ஊன்றுகோலைப் பெரும்பாலோர் வலது கையிலேயே பிடிக்கிறார்கள். வலிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தாங்கல் கொடுப்பதுதான் சரியென்று தோன்றுகிறது. கணக்கு வேறு சொல்கிறது. இடது கையில் ஊன்றினால், கோல் வலது இடுப்பு மூட்டிலிருந்து ஏறக்குறைய 40 செ.மீ. தள்ளி நிற்கும். அங்கே வெறும் 5 கிலோ அளவுக்கு அழுத்தினாலே, தசையின் இழுப்பு 100இலிருந்து 60 கிலோவாகக் குறைந்து, மூட்டின் மேலுள்ள சுமை 150இலிருந்து 105க்கு இறங்கும். எளிமையாக்கிய கணக்குதான், ஆளுக்கு ஆள் அளவு மாறும். ஆனால் திசை மாறாது. வலிக்கும் பக்கமே பிடித்தால் இந்த உதவி கிடைக்காது, உடம்பு கோல் மேல் சாய்ந்து நடை இன்னும் கோணலாகும்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ ஊன்றுகோலோடு நடந்தால் இன்றே ஒருமுறை கவனியுங்கள். இடுப்போ முழங்காலோ, வலி எந்தப் பக்கமோ அதற்கு எதிர்க் கையில் கோல் இருக்கட்டும். வலிக்கும் காலும் கோலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கையைத் தொங்கவிட்டு நேராக நிற்கும்போது கைப்பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும். கோலின் அடியிலுள்ள ரப்பர் தேய்ந்திருந்தால் உடனே மாற்றிக் கொடுங்கள்.