கிருமிகொல்லிச் சவர்க்காரமும் செங்கண்மாரியும்

பொதுக் கிணற்றையும் பொது மலசலகூடத்தையும் நம்பி வாழும் இடத்தில் ஒருவருக்குச் செங்கண்மாரி கண்டால் எல்லோருக்கும் அச்சம். உடனே விலை கூடிய 'கிருமிகொல்லி'ச் சவர்க்காரம் வாங்கத் தோன்றும். அந்தப் பணத்தை நாம் மிச்சம் பிடிக்கலாம்.

இத்தகைய சவர்க்காரங்களில் நெடுங்காலம் சேர்க்கப்பட்ட இரசாயனம் ட்ரைக்ளோசன். அது தாக்குவது பக்டீரியாவை. அசுத்த நீராலும் உணவாலும் பரவும் ஈரல் அழற்சி 'ஏ' வைரசினால் வருவது. சாதாரண சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவினாலே அந்த வைரசு கையை விட்டுக் கழுவுண்டு போகும். ஆனால் வாளிக்குள் கையை அலசக்கூடாது; ஒருவர் நீர் வார்க்க மற்றவர் கழுவவேண்டும். குடிப்பதற்குக் கொதித்தாறிய நீர்.

ட்ரைக்ளோசன் உடலுக்குள்ளும் செல்கிறது. ஐக்கிய அமெரிக்காவில் 2003-2004இல் சோதிக்கப்பட்டோரில் நான்கில் மூவரின் சிறுநீரில் அது இருந்தது. அது கூடுதலாக இருந்த இளவயதினரிடம் ஒவ்வாமை அதிகம் என மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2011இல் கண்டனர். அதுவே காரணம் என்பதற்கு இது சான்றல்ல. ஆயினும் நிர்ப்பீடனத்தை அது பாதிக்குமா, ஈரல் அழற்சி 'பி' தடுப்பூசி தரும் காப்பையும் குறைக்குமா என்ற கேள்விகள் எழுவது இயல்பே. சாதாரண சவர்க்காரத்தைவிட மேலானதென உற்பத்தியாளர் நிரூபிக்காததால், கை, உடல் கழுவும் சவர்க்காரங்களில் அதனை அந்நாடு 2016இல் தடைசெய்தது.

இதைக் கேட்டுத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம். இலங்கையில் 'பி' தடுப்பூசி 2003இல் தொடங்கியது. குழந்தைக்கு 2, 4, 6 மாதங்களில் ஏற்றப்படுகிறது. இடப்பெயர்வில் பிள்ளையின் அட்டை தொலைந்திருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் கூறுங்கள்.