கரடி முடித் தாயத்து

குழந்தையின் பயம் நீங்கக் கரடி முடியைத் தாயத்தில் அடைத்துக் கட்டும் வழக்கம் மதுரையிலும் சுற்றுப்புற ஊர்களிலும் நெடுநாளாக உண்டு. நம்மவர் இல்லங்களும் அதற்கு விலக்கல்ல. அந்த முடிக்குரிய பிராணியைப் பற்றி நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழுப்புக் கரடி காஷ்மீர், லடாக் போன்ற இமய உயர்மலைகளுக்கு உரியது. நம் மலைகளில் வாழ்வது கரிய தேன்கரடி. மதுரை மாவட்டத்துச் சாப்டூர்க் காடுகளை ஒட்டி விரியும் மேற்குத் தொடர்ச்சி மலை அதன் வாழிடம். 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்திலும் அது வாழ்கிறது. சங்கப் புலவர்கள் அதனை 'எண்கு' என்றனர். அது புற்றைப் பிளந்து இரை தேடுவதையும் இலுப்பைப் பூவை நாடுவதையும் அவர்கள் நுணுகிக் கண்டிருந்தனர். அதன் மேல்தாடையில் நடுவிரண்டு முன்பற்கள் கிடையா. அவ்விடைவெளி வழியே கறையானை உறிஞ்சுகிறது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்தே திரியும். ஆகவே குட்டியைக் கைப்பற்ற விரும்பிய வேட்டைக்காரர்கள் முதலில் தாயைக் கொன்றனர்.

அவ்வாறு பிடிபட்ட குட்டியின் மூக்கைக் காய்ச்சிய ஊசியால் துளைத்துக் கயிறு கோத்து, பற்களை உடைத்துத் தெருவில் ஆடவிட்டவர்களுள் பெரும்பாலோர் கலந்தர் என்னும் முஸ்லிம் சமூகத்தார். ஆட்டத்தோடு கரடி முடியையும் தாயத்துக்காக விற்றனர். உலகைத் துறந்த சூஃபியரின் பெயரைத் தாங்கிய அவர்களுக்கு நிலமும் இல்லை, கல்வியும் இல்லை. 1998இல் மத்திய அரசு கரடியை வித்தை காட்டத் தடை விதித்தது. ஆயினும் மாற்றுப் பிழைப்பு கிடைத்த பின்னரே அவர்கள் கரடிகளை ஒப்படைத்தனர். வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். அமைப்பு தொழிலுக்கு உதவியும் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தும் 600க்கும் மேற்பட்ட கரடிகளை மீட்டது. 2009இல் அவ்வாட்டம் ஓய்ந்தது. இப்பணியில் நம் ஜமாஅத்துகள் முந்தியிருக்க வேண்டும் என்பதே எம் ஆதங்கம்.

விலங்கின் முகத்தில் அடிப்பதையும் சூடிடுவதையும் நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். மூக்கைத் துளைத்தல் அதனினும் கொடிது. திருவசனம் எழுதிக் கட்டுவதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. விலங்கின் மயிருக்கோ மார்க்கத்தில் இடமேயில்லை. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் தேன்கரடி இருப்பதால், அதன் மயிரை வாங்குவதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். குழந்தைகளின் பாதுகாவலுக்கோவெனில், நபியவர்கள் தம் பேரர்கள் ஹஸன், ஹுஸைன் (ரலி) இருவருக்காகவும் ஓதிய துஆ ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது.