பூட்ஸ் பேசும் பாஷை

ஷூ இல்லாமல் போய் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்ற அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. அந்த ஷூவையே மேளமாக்கி ஆடுகிற நடனம் ஒன்று இருக்கிறது என்றால் நம்புவீர்களா?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் 1886-ல் தங்கம் கிடைத்தது. சுரங்க வேலைக்கு ஜூலு, கோசா, சோத்தோ இனத்தவரும், மொசாம்பிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். ஆளுக்கொரு மொழி. சுரங்கத்தில் தண்ணீர் தேங்கும், அதனால் காலுக்கு ரப்பர் பூட்ஸ். அவர்கள் வளர்த்த ஆட்டம்தான் 'கம்பூட்' நடனம்.

ஆடுவது இப்படி. முழங்காலை மடக்கிக் குனிந்து, உள்ளங்கையால் பூட்ஸின் பக்கவாட்டில் 'பளார்' என்று ஓர் அடி, குதிகாலால் தரையில் ஒரு மிதி, பிறகு கைதட்டு. ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் ஒரே அடியாகப் பதில் சொல்வார்கள். யாராவது பிசகினால் உடனே காதில் தெரிந்துவிடும்! மேலதிகாரி அதட்டுவதைக் கேலி செய்கிற ஆட்டமும் உண்டு.

லைப்ரரியில் படித்ததை வீட்டில் சொன்னேன். அப்பா கல்குவாரியில் கல் உடைத்தவர். எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். "நாங்க மட்டும் என்னடா? குவாரி கொட்டகையில தெலுங்குக்காரன் சம்மட்டியத் தட்டுவான், கன்னடக்காரனும் நானும் குதிப்போம். பாஷை புரியாது, ராத்திரி பூரா சிரிப்புத்தான்" என்றார்.

அப்பா ஆடுவார் என்றே எனக்கு அதுவரை தெரியாது. ஸ்டெப்பைக் காட்டினேன். ரப்பர் செருப்போடு எழுந்து வந்தார். மூன்றாவது அடியில் பிடித்துவிட்டார். எனக்குத்தான் தாளம் தப்பியது.