கைபேசிக் கதிர்வீச்சு: எப்படி அளக்கிறார்கள்?



"கைபேசியைக் காதில் வைத்தால் மூளைக்குக் கேடா?" என்று எங்களிடம் பலரும் கேட்பதால் இந்த விளக்கம்.

கைபேசியிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரேயைப்போல் அணுக்களைச் சிதைக்கும் வலிமை அதற்கில்லை. திசுவைச் சற்றே சூடாக்கும். ஒரு கிலோ திசு எவ்வளவு ஆற்றலை உள்வாங்குகிறது என்பதே 'சார்' அளவு. உயிருள்ள மனிதரில் இதை அளக்க முடியாதே! ஆகவே தலை வடிவான பிளாஸ்டிக் கூட்டில், மூளைத் திசுவைப்போல் அலையை உள்வாங்கும் திரவத்தை நிரப்புகிறார்கள். கைபேசியை உச்ச சக்தியில் இயக்கிக் காதோரம் பொருத்த, இயந்திரக் கை ஒன்று திரவத்துக்குள் உணர்கருவியை நகர்த்தி இடம் இடமாக அளக்கிறது. இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட், 1 கிராம் திசுவின் சராசரியாக இது கணக்கிடப்படுகிறது.

குறைந்த எண் உள்ள கைபேசியைத் தேடி அலைய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சிக்னல் குறைந்தால் எந்தக் கைபேசியும் சக்தியைக் கூட்டும். அங்கே பேச்சைச் சுருக்குங்கள், ஸ்பீக்கரில் பேசுங்கள்.

பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் மட்டும் கைபேசியைச் சட்டைப் பையில் வைக்கலாகாது. அதிலிருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, மறுபக்கக் காதில் பேசவும்.